கலவரம் எப்படிப் பிறக்கிறது? லண்டன் 2011 ஆகஸ்டை வைத்து ஓர் எளிய விளக்கம்

2011 ஆகஸ்ட் 6, சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். வடக்கு லண்டனில் டாட்டன்ஹாம் ஹை ரோட்டில் உள்ள போலீஸ் ஸ்டேஷன் வாசலில் ஒரு கூட்டம் வந்து நிற்கிறது. பெண்கள் நிறையப் பேர், குழந்தைகளும் உண்டு. பக்கத்துக் குடியிருப்பான பிராட்வாட்டர் ஃபார்மில் இருந்து நடந்தே வந்தவர்கள். கையில் கல் இல்லை, கம்பு இல்லை. அவர்கள் கேட்டது ஒன்றுதான்: "பெரிய அதிகாரி ஒருவர் வெளியே வந்து, என்ன நடந்தது என்று எங்களிடம் சொல்லட்டும்."

இரண்டு நாள் முன்பு, ஆகஸ்ட் 4 அன்று, மார்க் டக்கன் என்ற 29 வயது இளைஞர் ஒரு வாடகைக் காரில் போய்க்கொண்டிருந்தார். ஆயுதம் தாங்கிய போலீசார் காரை மறித்தார்கள். அடுத்த சில நொடிகளில் அவர் சுடப்பட்டு இறந்தார். அவர்தான் முதலில் சுட்டார் என்று நினைக்கும்படி ஒரு தகவல் பத்திரிகைகளுக்குப் போனது. அது தவறு. ஒரு போலீஸ்காரரின் வயர்லெஸ் கருவியில் பதிந்திருந்த குண்டு போலீஸ் துப்பாக்கியில் இருந்தே வந்தது. இதற்கிடையில் பெற்றோருக்கு முறைப்படி தகவல் சொல்லக்கூட யாரும் போகவில்லை. பின்னாளில் அதற்காக மன்னிப்புக் கேட்டார்கள்.

அந்தக் குடும்பத்தாரும் ஊர்க்காரர்களும்தான் வாசலில் நின்றார்கள். ஐந்து மணி ஆறாயிற்று, ஏழாயிற்று. ஒரு அதிகாரி வந்து பேசினார். ஆனால் அவரைவிட மேலே உள்ளவர் வேண்டும் என்று கூட்டம் கேட்டது. அந்த மேலதிகாரி வந்தபாடில்லை. இருட்டத் தொடங்கியதும் குழந்தைகளோடு வந்த பெண்கள் மெல்லக் கிளம்பினார்கள். வேறு ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். எட்டரை மணி வாக்கில் ஓரமாக நின்றிருந்த இரண்டு போலீஸ் கார்கள் எரிந்தன. போலீசாரை எதிர்த்து நின்ற 16 வயதுப் பெண்ணை அடித்துவிட்டார்கள் என்ற பேச்சு கூட்டத்தில் பரவியது. அப்புறம் ஒரு டபுள் டெக்கர் பஸ் எரிந்தது. நள்ளிரவுக்குள் கடைகள் எரிந்தன.

நான்கு நாளில் லண்டனின் 32 வட்டாரங்களில் 22 பாதிக்கப்பட்டன. பர்மிங்காம், மான்செஸ்டர், சால்ஃபர்ட் என்று வெளியூர்களுக்கும் பரவியது. ஐந்து பேர் இறந்தார்கள். கலந்துகொண்டவர்கள் 13,000 முதல் 15,000 பேர் வரை இருப்பார்கள் என்று பிறகு அமைக்கப்பட்ட குழு கணக்கிட்டது. நஷ்டம் 50 கோடி பவுண்டுக்கு மேல்.

கலவரத்தைப் புரிந்துகொள்ள விரும்பும் எவரும் அந்த ஐந்து மணிக்கும் எட்டரை மணிக்கும் நடுவே உள்ள நேரத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். எரிகிற பஸ்ஸின் படம்தான் எல்லோர் மனதிலும் நிற்கும். ஆனால் அந்த மூன்றரை மணி நேரம் யார் மனதிலும் நிற்பதில்லை.

சட்டம் கலவரத்தை ஆள் கணக்கில் பார்க்கிறது. இங்கிலாந்தில் 12 பேராவது சேர்ந்து பொது நோக்கத்தோடு வன்முறையில் இறங்கினால் அது கலவரம். இந்தியச் சட்டத்தில் ஐந்து பேர் போதும். சட்டவிரோதக் கூட்டமாகக் கூடியவர்களில் ஒருவர் வன்முறையில் இறங்கினாலும், அந்தக் கூட்டத்தில் இருந்த எல்லோர் மேலும் வழக்கு வரும். நீதிமன்றத்துக்கு இது சரி. "ஏன் இன்று, ஏன் இங்கே?" என்ற கேள்விக்கு இதில் பதில் கிடையாது.

அந்தக் கேள்விக்கு ஒரு பழைய பதில் உண்டு. கூட்டம் சேர்ந்தால் மனிதனுக்குப் புத்தி போய்விடும், தனியாக இருக்கும்போது நல்லவனாக இருப்பவன் கூட்டத்தில் மிருகமாகிவிடுவான் என்பது. குஸ்தாவ் லெ பான் என்ற பிரெஞ்சு எழுத்தாளர் 19ஆம் நூற்றாண்டின் முடிவில் பிரபலப்படுத்திய கருத்து இது. இன்றைக்கும் டிவி விவாதங்களில் இதைத்தான் கேட்கிறோம். கேட்கச் சரியாகத்தான் தோன்றும். கிட்டே போய்ப் பார்த்தால் கதை வேறு.

1980 ஏப்ரலில் பிரிஸ்டல் நகரின் செயின்ட் பால்ஸ் பகுதியில் ஒரு கஃபேயில் போலீஸ் சோதனை நடத்தியதைத் தொடர்ந்து கலவரம் வெடித்தது. ஸ்டீபன் ரைக்கர் என்ற உளவியலாளர் அதை ஆராய்ந்தார். அவர் கண்டது: கூட்டம் போலீசைத் தாக்கியது, வங்கியைத் தாக்கியது. ஆனால் வீடுகளைத் தொடவில்லை. செயின்ட் பால்ஸ் எல்லையைத் தாண்டியும் போகவில்லை. போலீஸ் பின்வாங்கிய பிறகு சாலையில் வந்த சாதாரண வண்டிகளுக்கு வழிவிட்டார்கள். புத்தி கெட்ட கூட்டம் இப்படி எல்லைக்கோடு போட்டு நடக்காது. அவர்கள் செய்தது தவறாகவே இருக்கட்டும், ஆனால் "நாம் யார், நமக்கு எதிரி யார்" என்ற ஒரு கணக்கு அந்தத் தவறுக்குள் இருந்தது. அந்தக் கணக்கைப் படிக்கத் தெரியாத நிர்வாகம் அடுத்த கலவரத்தையும் வரவழைத்துக்கொள்ளும்.

சரி, அந்தக் கணக்கு எங்கிருந்து வருகிறது?

காய்ந்த விறகு, தீப்பொறி என்று பிரித்துப் பார்த்தால் எளிது. டாட்டன்ஹாமில் விறகு ரொம்ப நாளாகக் காய்ந்துகொண்டிருந்தது. 1985 அக்டோபரில் போலீசார் ஒரு வீட்டைச் சோதனையிட்டபோது அந்த வீட்டுத் தாய் சிந்தியா ஜாரட் மயங்கி விழுந்து இறந்தார். மறுநாள் பிராட்வாட்டர் ஃபார்மில் கலவரம். அதில் கீத் பிளேக்லாக் என்ற போலீஸ்காரர் கொல்லப்பட்டார். இரண்டு பக்கமும் அதை மறக்கவில்லை. 2011இல் ஸ்டேஷன் வாசலில் நின்ற நடுவயதுக்காரர்கள் அந்த நாளில் சிறுவர்களாக இருந்தவர்கள்.

அதற்கு மேல் அன்றாடப் புகைச்சல். தெருவில் நடந்துபோகிற பையனை நிறுத்திப் பையைத் துழாவும் அதிகாரம் அங்கே போலீசுக்கு உண்டு. கறுப்பின இளைஞர்கள் மற்றவர்களைவிட மிக அதிகமாக நிறுத்தப்பட்டார்கள். லண்டன் பொருளாதாரக் கல்லூரியும் கார்டியன் பத்திரிகையும் சேர்ந்து, கலவரத்தில் இறங்கிய 270 பேரைச் சந்தித்துப் பேசின. அவர்களில் 73 சதவீதம் பேர் முந்தைய ஓராண்டில் ஒரு முறையாவது அப்படி நிறுத்தப்பட்டவர்கள். போலீசார் நடந்துகொண்ட விதம் முக்கியக் காரணம் என்று 85 சதவீதம் பேர் சொன்னார்கள். உங்கள் மகனை மாதம் ஒரு முறை, அவன் நண்பர்கள் பார்க்க, சுவரோரம் நிறுத்திச் சட்டைப் பையைத் தடவுகிறார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை என்று அனுப்பிவிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் வீட்டுக்கு வந்து அதைச் சொல்லமாட்டான். உள்ளே போட்டு வைத்துக்கொள்வான்.

காசுப் பிரச்சினையும் இருந்தது. ஏழை வீட்டுப் பிள்ளைகள் மேற்கொண்டு படிக்கக் கொடுக்கப்பட்ட வாராந்திர உதவித்தொகை அந்த ஆண்டு இங்கிலாந்தில் புதிய மாணவர்களுக்கு நிறுத்தப்பட்டது. டாட்டன்ஹாம் இருக்கும் ஹாரிங்கே வட்டாரத்தில் பல இளைஞர் மன்றங்கள் மூடப்பட்டன. கைதாகி நீதிமன்றத்துக்கு வந்த சிறுவர்களில் 42 சதவீதம் பேர் பள்ளியில் இலவச உணவு பெறும் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். நாடு முழுவதும் உயர்நிலைப் பள்ளிகளில் அந்த விகிதம் 16 சதவீதம்தான்.

ஆனால் வறுமை மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. நீதிமன்றத்துக்கு வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் மேல் ஏற்கெனவே ஏதாவது ஒரு வழக்கோ எச்சரிக்கையோ இருந்தது. "இது பச்சையான குற்றம், வேறொன்றுமில்லை" என்று பிரதமர் டேவிட் கேமரன் சொன்னதற்கு இந்தக் கணக்கையும் ஆதாரமாகக் காட்டுவார்கள். போலீஸ் பதிவில் ஏற்கெனவே முகம் உள்ளவர்களைத்தான் கேமராவில் முதலில் அடையாளம் கண்டிருப்பார்கள் என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். இரண்டாவது, மூன்றாவது இரவில் விளையாட்டுக் காலணிக் கடையையும் செல்போன் கடையையும் உடைத்தவர்களில் பலருக்கு மார்க் டக்கன் பெயரே ஒரு பொருட்டில்லை. முதல் இரவு கோபம், மூன்றாம் இரவு கொள்ளை. ஒரே கலவரத்துக்குள் இரண்டு மூன்று கலவரங்கள் இருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் தேடினால் குழம்பித்தான் போவோம்.

தீப்பொறி என்பது பெரும்பாலும் ஒரு சம்பவம், கூடவே அதைப் பற்றிய ஒரு நம்பிக்கை. நம்பிக்கை உண்மையா பொய்யா என்பது அந்த நேரத்தில் வித்தியாசம் தராது. தமிழர்கள் பலர் நேரில் அறிந்த ஒரு உதாரணம் சிங்கப்பூர். 2013 டிசம்பர் 8, ஞாயிறு இரவு, லிட்டில் இந்தியாவில் தமிழ்நாட்டைச் சேர்ந்த கட்டுமானத் தொழிலாளி ஒருவர் பஸ் சக்கரத்தில் சிக்கி இறந்தார். அது விபத்து. ஆனால் சுற்றி நின்ற தொழிலாளர்கள் கண்ணுக்குத் தெரிந்தது வேறு: ஆம்புலன்ஸ் வந்தது, பஸ்காரர்களைக் காப்பாற்றி அழைத்துப்போனது, நம் ஆள் சக்கரத்தடியில் கிடக்கிறார். கீழே கிடந்தவர் ஏற்கெனவே இறந்துவிட்டார் என்று மருத்துவக் குழுவுக்குத் தெரியும், கூட்டத்துக்குத் தெரியாது. சொல்லவும் ஆளில்லை. சுமார் முந்நூறு நானூறு பேர் கல்லெறிந்தார்கள், ஆம்புலன்ஸும் போலீஸ் வண்டிகளும் எரிந்தன. விசாரணைக் குழு அந்தத் தவறான எண்ணத்தையும் மதுவையும் காரணங்களாகச் சொன்னது. போலீஸ் ஒரு குண்டுகூடச் சுடவில்லை, வேறு உயிர் போகவில்லை, இரண்டு மணி நேரத்தில் அடங்கிவிட்டது. ஆனால் ஐம்பதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் நாடு கடத்தப்பட்டார்கள். ஊரில் கடன் வாங்கி ஏஜெண்டுக்குக் கட்டி வந்தவனுக்கு அதன் பொருள் என்ன என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

விறகும் பொறியும் இருந்தாலும் எல்லா இடத்திலும் தீ பிடிப்பதில்லையே, ஏன்? இதற்கு மார்க் கிரனோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1978இல் ஒரு விளக்கம் கொடுத்தார். நான் படித்ததில் மிகவும் தெளிவான விளக்கம் அதுதான்.

ஒரு மைதானத்தில் 100 பேர் நிற்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு தயக்க அளவு உண்டு. எத்தனை பேர் கல்லெறிந்தால் நானும் எறிவேன் என்ற கணக்கு. முதல் ஆளுக்கு அளவு பூஜ்யம், யாரும் எறியாவிட்டாலும் எறிவான். இரண்டாமவனுக்கு ஒன்று, ஒருவன் எறிந்தால் எறிவான். மூன்றாமவனுக்கு இரண்டு. இப்படியே கடைசி ஆள் வரை, 99 பேர் எறிந்தால்தான் அவர் கை உயரும். இப்போது பூஜ்யக்காரன் முதல் கல்லை எறிகிறான். அதைப் பார்த்து இரண்டாமவன் எறிகிறான், அந்த இரண்டு பேரைப் பார்த்து மூன்றாமவன். சங்கிலி போல ஓடி நூறு பேரும் கலவரக்காரர்கள் ஆகிவிடுகிறார்கள்.

இப்போது ஒரே ஒரு மாற்றம். "ஒன்று" என்ற அளவுள்ள ஆளை எடுத்துவிட்டு, அவன் இடத்தில் "இரண்டு" அளவுள்ள ஒருவனை நிறுத்துங்கள். பூஜ்யக்காரன் கல் எறிகிறான். ஒருவனைப் பார்த்து எறியக்கூடியவன் யாருமில்லை. எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். அவ்வளவுதான். மறுநாள் பத்திரிகையில் முதல் மைதானத்தைப் பற்றி "வெறிபிடித்த கும்பல்" என்று வரும். இரண்டாவதைப் பற்றி "போதை ஆசாமி ஜன்னலை உடைத்தார்" என்று வரும். நூறு பேரில் 99 பேர் அதே ஆட்கள்.

இதை மனதில் வைத்து டாட்டன்ஹாம் வாசலுக்குத் திரும்பிப் பாருங்கள். ஐந்து மணிக்கு அங்கே நின்றவர்கள் தாய்மார்கள், சொந்தக்காரர்கள். தயக்க அளவு மிக அதிகம் உள்ளவர்கள். எட்டு மணிக்கு அவர்கள் கிளம்பிப்போய், அளவு குறைந்தவர்கள் வந்து சேர்ந்தார்கள். பதில் தாமதமாகத் தாமதமாக, அந்த வாசலில் நின்ற ஆட்களே மாறிப்போனார்கள்.

அப்புறம் அது ஊர் ஊராகப் பரவியதற்கும் இதே கணக்குதான். அன்று இரவு லண்டன் முழுவதும் பணியில் இருந்த போலீசார் மூவாயிரத்து ஐந்நூறுக்கும் குறைவு. எரியும் கடைக்கு முன்னால் போலீசார் ஒதுங்கி நிற்பதை டிவியில் எல்லோரும் பார்த்தார்கள். பிளாக்பெர்ரி போனில் குறுஞ்செய்திகள் பறந்தன. இன்றைய வாட்ஸ்அப் குரூப் போல, வெளியே தெரியாத செய்திப் பரிமாற்றம் அது. பலர் பழியைச் செய்திகள் மேல் போட்டார்கள். என் பார்வையில் செய்தி ஒரு வண்டி, அவ்வளவே. "இன்றைக்குப் போலீசால் ஒன்றும் செய்ய முடியாது" என்ற எண்ணம்தான் அந்த வண்டியில் ஏறிப் போன சரக்கு. மற்ற நாளில் போலீசைக் கண்டால் சந்துக்குள் ஒதுங்குகிற பையனுக்கு அந்த எண்ணம் கொடுத்த போதை சாதாரணமானதில்லை.

திங்கட்கிழமை, ஆகஸ்ட் 8, உச்சம். ஹாக்னி, பெக்கம், கிளாபம், ஈலிங், கிராய்டன். கிராய்டனில் 1867இல் தொடங்கப்பட்ட ரீவ்ஸ் குடும்பத்தின் ஃபர்னிச்சர் கடை ஒரே இரவில் சாம்பலானது. இரண்டு உலகப் போர்களைத் தாண்டி நின்ற கடை அது. ஹாக்னியில் இலங்கையில் இருந்து போன தமிழர் ஒருவரின் மளிகைக் கடை சூறையாடப்பட்டது. இலங்கைத் தமிழர் ஒருவர் வெளிநாட்டில் தெருமுனையில் ஒரு கடை வைப்பது என்றால் காலை ஐந்து மணிக்கு ஷட்டரைத் தூக்கி இரவு பத்துக்கு இறக்குகிற வாழ்க்கை. அதில் காலியான அலமாரிகளுக்கு நடுவே அவர் நின்றார். அக்கம்பக்கத்தார் நிதி திரட்டிக் கொடுத்து அந்தக் கடை மறுபடி திறந்தது.

பொதுப் பாதுகாப்பு என்றதும் நாம் போலீஸ் தடுப்பையும் கேடயத்தையும் நினைக்கிறோம். கலவரத்தில் அதிக ஆபத்தில் இருப்பவர்கள் கடைக்கு மேலே குடியிருப்பவர்கள். லண்டனின் பழைய கடைத்தெருக்களில் கீழே கடை, மேலே வீடு. கீழே தீ வைப்பவனுக்கு அது "கடை". மேலே தூங்கும் குழந்தை அவன் கணக்கில் இல்லை. டாட்டன்ஹாமில் எரிந்த பெரிய கார்ப்பெட் கடைக் கட்டடத்தின் மேல் மாடிகளில் குடும்பங்கள் இருந்தன. உடுத்திய துணியோடு இறங்கி ஓடினார்கள். தீயணைப்பு வண்டிகள் போலீஸ் பாதுகாப்பு இல்லாமல் உள்ளே போக முடியாமல் காத்திருந்தன. கிராய்டனில் ஒரு பெண் எரியும் கட்டடத்தின் ஜன்னலில் இருந்து கீழே நின்றவர்கள் கைகளில் குதித்த படத்தை உலகமே பார்த்தது. ஈலிங்கில் குப்பைத் தொட்டியில் வைத்த தீயை அணைக்கப்போன 68 வயது முதியவர் தாக்கப்பட்டு இறந்தார்.

அதனால் இப்படி ஒரு சூழலில் நீங்கள் மாட்டிக்கொண்டால்: கூட்டத்தின் நடுவில் இருக்காமல் ஓரத்துக்கு வந்து, பக்கத்துத் தெருவுக்குள் நுழைந்து விலகிப் போங்கள். ஓட வேண்டாம், ஓடுகிறவனைத்தான் இரண்டு பக்கமும் துரத்தும். வீடியோ எடுக்க நிற்காதீர்கள். கடைக்கு மேல் குடியிருந்தால் இரண்டாவது வழி எது என்று இப்போதே பார்த்து வையுங்கள். யாரோ அனுப்பிய குரல் செய்தியை இன்னொருவருக்கு அனுப்பும் முன், அது உண்மை என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

செவ்வாய் இரவு லண்டனில் 16,000 போலீசார் இறக்கப்பட்டார்கள். நகரம் அடங்கியது. ஆள் பலம் வேலை செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. நீதிமன்றங்கள் இரவிலும் நடந்தன. மூன்றரை பவுண்டு மதிப்புள்ள தண்ணீர் பாட்டில்களைத் திருடிய ஒரு மாணவருக்கு ஆறு மாதச் சிறை. ஃபேஸ்புக்கில் கலவரத்துக்கு அழைப்பு விடுத்து, ஒருவர்கூட வராத இரண்டு இளைஞர்களுக்கு நான்கு ஆண்டு. இது நீதியா என்று எனக்கு இன்றும் உறுத்துகிறது. லண்டன் மேயர் போரிஸ் ஜான்சன் மூன்று லட்சம் பவுண்டுக்கு மேல் செலவழித்து ஜெர்மனியில் இருந்து மூன்று பழைய தண்ணீர்ப் பீரங்கி வண்டிகளை வாங்கினார். பயன்படுத்த உள்துறை அமைச்சர் அனுமதிக்கவில்லை. ஒரு நாளும் தெருவில் இறங்காமல் அவை 2018இல் பழைய இரும்பு விலைக்குப் போயின. அந்தப் பணத்தில் ஹாரிங்கேயில் எத்தனை இளைஞர் மன்றங்களைத் திறந்து வைத்திருக்கலாம் என்று கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை.

அந்த வாரத்தில் பர்மிங்காமில் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஆகஸ்ட் 10 அதிகாலை, வின்சன் கிரீன் பகுதியில் தங்கள் தெருக் கடைகளைக் காவல் காத்து நின்ற மூன்று ஆசிய இளைஞர்கள் மேல் ஒரு கார் மோதியது. மூவரும் இறந்தார்கள். கார் ஓட்டியவர்கள் கறுப்பினத்தவர்கள் என்ற பேச்சு பரவியது. பழிக்குப் பழி என்று இளைஞர்கள் திரண்டார்கள். விறகு, பொறி, கூட்டம், இருட்டும் நேரம், எல்லாம் தயார்.

இறந்தவர்களில் ஒருவருக்கு 21 வயது. ஓடிவந்து, அடிபட்டுக் கிடந்த வேறொருவருக்கு முதலுதவி செய்துகொண்டிருந்த அவர் தந்தை, பின்னால் கிடப்பது தன் மகன் என்பதை அங்கேதான் அறிந்தார். அன்றே அவர் தெருவில் கூட்டத்தின் முன் வந்து நின்றார். நான் என் மகனை இழந்துவிட்டேன், உங்கள் மகன்களை இழக்க விரும்புகிறவர்கள் முன்னே வாருங்கள், இல்லையென்றால் அமைதியாக வீட்டுக்குப் போங்கள் என்றார்.

யாரும் முன்னே வரவில்லை. கூட்டம் கலைந்து போனது.